ஒரு நகவெட்டியும் ஒரு டார்ச்சும்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை வேலை ஆர்டரை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு உன் அப்பனோடு வந்தாய். என் தம்பி முகத்தில் அவ்வளவு பூரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாய்: "அத்தை, கர்ப்பிணிங்க, தடுப்பூசி எல்லாம் சமாளிச்சிடுவேன். புள்ளைங்க ஒடம்புல வர்ற தடிப்பும் கொப்புளமுந்தான் எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. என்ன பண்றது?" பதில் சொல்வதற்குள் ஊத்தங்கரை பஸ் வந்துவிட்டது.

கல்லாவியைச் சுற்றி முப்பத்து நான்கு வருஷம் கிராமச் சுகாதாரச் செவிலியாக நடந்தவள் நான். இருந்தாலும் எல்லாத் தடிப்புக்கும் வழி சொல்ல என்னால் ஆகாது. கிருமியின் நஞ்சு தோலில் எழுதும் தடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் அதிகம் தவறியது அதில்தான்.

1. தோலைப் பார்க்கும் முன் குழந்தையைத் தூக்குகிறவள் முகத்தைப் பார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், மாங்காய்ப் பருவம். அப்போது நாம் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தானே. ஒரு தோப்பு வீட்டுக் குழந்தையை அதன் ஆயா தூக்கிவந்தாள். எட்டு மாசம். உடம்பு சுட்டது. வாயைச் சுற்றிச் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிவப்பு. "தூக்குனாலும் அழுவுது, கீழ போட்டாலும் அழுவுது நர்ஸம்மா" என்றாள். எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எனக்குத்தான் காது இல்லை. வாயைச் சுற்றி இருந்ததை மாம்பால் பட்ட புண் என்றேன். மடிப்பில் இருந்ததை வேர்க்குரு என்றேன். லோஷன் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சட்டையைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் எப்படி விரல் பட்டதும் நழுவுமோ, அப்படி. அதைப் பார்த்த அதிர்ச்சியில் நான் அந்தக் கிழவியிடம் கேட்ட முதல் கேள்வி, "சுடுதண்ணி ஊத்தினியா?" அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வைத்தியத்தில் செய்த பிழையைக் காலம் ஆற்றியது. அந்தக் கேள்வியை ஆற்றவில்லை.

வேர்க்குரு நமைக்கும், தொட்டால் அலற வைக்காது. இந்த நோயில் தோல் உரிவதற்கு ஒரு நாள் முன்பே தொட்டால் வலிக்கும். தாய் தூக்கும்போது குழந்தை விறைத்துக்கொண்டு அழுதால், அது பசியில்லை, செல்லமில்லை என்று எடுத்துக்கொள்.

2. கொப்புளம் இருக்கும் இடத்தில் கிருமி இருக்கிறது என்று நினைக்காதே.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெண் டாக்டர். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்துப்போல் தெரியும். பெயரே அதனால் வந்தது. அது மூக்குக்குள்ளோ தொப்புளிலோ கண்ணோரத்திலோ ஒரு சின்னக் கட்டியிலோ உட்கார்ந்துகொண்டு நஞ்சை மட்டும் ரத்தத்தில் அனுப்பும். தோலின் மேலடுக்குச் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஒரு புரதம் உண்டு. துணிக்குத் தையல் மாதிரி. அந்தத் தையலை நஞ்சு அறுத்துவிடுகிறது; மேல்தோல் கழன்றுவிடுகிறது. கொப்புளத்து நீரை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் கிருமியே கிடைக்காது.

1878-ல் பிராக் நகரத்து அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் மருத்துவர் ரிட்டர் என்பவர் பத்து வருஷத்தில் 297 குழந்தைகளிடம் இதைக் கண்டதாக எழுதினார். ஒரு நஞ்சுதான் காரணம் என்பது 1970-ல்தான் உறுதியானது. மெலிஷ், கிளாஸ்கோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்து, அவற்றின் தோல் கழல்வதைக் காட்டினார்கள். வளர்ந்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. நம் பிள்ளைகளிலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் இது பெரும்பாலும் பிடிக்கிறது. நஞ்சை வெளியேற்றச் சின்னச் சிறுநீரகத்துக்கு இன்னும் பலம் வரவில்லை; எதிர்க்க ரத்தத்தில் காப்புப் பொருளும் சேரவில்லை.

ஆகவே டார்ச்சை எடு. மூக்கில் பார், காதுக்குப் பின்னால் பார், தொப்புளை விரித்துப் பார். அப்புறம் வீட்டில் உள்ளவர்களைப் பார். நான் சொன்ன அந்தத் தோப்பு வீட்டில் அண்ணன்காரனுக்கு முழங்காலில் வேனல் கட்டி. மாம்பழச் சூடு என்று விட்டிருந்தார்கள். அவன்தான் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன். பழத்தின் மேல் பழி, கட்டிக்குள் கிருமி. அந்தப் பையனிடம் மட்டும் உன்னால்தான் என்று சொல்லிவிடாதே. ஆறு வயதுப் பிள்ளை அதை ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

3. எல்லோரையும் தேடிய பிறகு உன் கையைத் தேடு. அதைவிட, முதலிலேயே தேடு.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாசம். வலது கை ஆள்காட்டி விரலில் எனக்கு நகச்சுற்று. எல்லோரும் செய்வதுபோல எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு தூங்குவேன், காலையில் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். ஒரு நாள்கூட லீவு போடாதவள் என்று எனக்கொரு பெருமை உண்டு. அந்தப் பதினைந்து நாளில் ஒரே தெருவில் மூன்று பச்சைக்குழந்தைகளுக்குத் தொப்புள் துடைத்தேன். முதல் குழந்தைக்கு வயிற்றில் நீர்க்கொப்புளம். இரண்டாவதற்கு டயப்பர் கட்டும் இடத்தில் (அப்போது டயப்பர் ஏது, பழந்துணிதான்). மூன்றாவது குறைமாசக் குழந்தை, ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முகத்தில் தொடங்கி மார்பு, முதுகு எல்லாம் கழன்றது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

டாக்டரம்மா அடுத்த நாள் துணை நிலையத்துக்கு வந்தார். டீ கேட்டார். நான் டம்ளரை நீட்டினேன். வாங்காமல், "கையைக் காட்டுங்க" என்றார். நான் விரலை மடக்கினேன். ஐம்பது குடும்பம் நர்ஸம்மா என்று எழுந்து நிற்கும் எனக்கு, சின்னப் பிள்ளைபோல் கையை விரித்துக் காட்டுவது அவமானமாக இருந்தது. "ஆறுற வரைக்கும் எந்தக் குழந்தையையும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். என் விரலிலிருந்துதான் போனது என்று யாரும் ஆய்வகத்தில் நிரூபிக்கவில்லை. நாலைந்து பேரில் ஒருவர் மூக்கிலாவது இந்தக் கிருமி சும்மா குடியிருக்கும். வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்று பல ராத்திரி எனக்கே நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஜெயிக்க முடியவில்லை. அந்தத் தாய் இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ ஓடுனீங்கம்மா அன்னைக்கு" என்பாள். நான் அவளிடம் சொல்லவே இல்லை.

விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் பச்சைக்குழந்தையைத் தொடாதே. நகத்தை ஒட்ட வெட்டு. மோதிரம், வளையல் வேண்டாம். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு, அடுத்த வீட்டுக்குப் போனால் மறுபடி கழுவு. குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பெரியம்மாக்களின் கையையும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் மார்புக் காம்பைப் பிழிந்து பால் எடுப்பது, தொப்புளில் சாம்பலும் விளக்கெண்ணெயும் வைப்பது, இரண்டும் கிருமிக்குக் கதவு திறப்பதுதான். ஆனால் முதலில் உன் கையை அவர்களிடம் காட்டிவிட்டு, அப்புறம் அவர்கள் கையைக் கேள்.

4. "அம்மை போட்டிருக்கு" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதே.

வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே ஆள் விடமாட்டார்கள். இல்லாவிட்டால் அக்கி என்று குயவர் வீட்டுக்குத் தூக்கிப் போய்க் காவி எழுதி வந்திருப்பார்கள்; சிங்கமோ நாயோ வரைந்த செம்மண் கோட்டுக்குக் கீழே தோல் உரிந்துகொண்டிருக்கும். முதல் சில வருஷம் நான் கத்துவேன். கத்தினால் கதவு சாத்தப்படும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு கிழவிதான் எனக்கு வழி காட்டினாள். "தாயி வந்திருக்கா, மெத்துனு வெச்சிக்கணும்" என்று பேரனை வாழையிலையில் படுக்க வைத்திருந்தாள். யோசித்துப் பார்: தனியாக வைக்கிறார்கள், கூட்டம் சேர்ப்பதில்லை, நைந்த வெள்ளைத் துணி விரிக்கிறார்கள், இளநீர் கொடுக்கிறார்கள். தோல் கழன்ற குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வாழையிலை காயத்தில் ஒட்டாது என்று தீக்காய வார்டுகளிலேயே பயன்படுத்துகிறார்கள். அதனால் அவர்கள் செய்வதில் நல்லதை முதலில் வாய்விட்டுச் சொல். அப்புறம், "வேப்பிலையால தடவாதீங்க ஆயா, தோலு வந்துரும். இதுக்கு ஊசி மருந்தும் வேணும்" என்று சொல். நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: "மாரியாத்தா வேண்டுதலை ஊத்தங்கரையில இருந்தும் வேண்டிக்கலாம்." சிரிப்பார்கள். சிரித்தால் பாதி வண்டி ஏறியாயிற்று.

அக்கி எழுதுபவரையும் பகைத்துக்கொள்ளாதே. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு எழுதமாட்டேன், முதலில் நர்ஸம்மாவிடம் போ என்று அனுப்பும் அளவுக்கு எனக்குத் தோழரானார். நான் இருபது வருஷத்தில் பிடித்ததைவிட அதிகம் பேரை அவர் பிடித்துக் கொடுத்திருப்பார்.

5. கண் ஏமாற்றும்; புறங்கையை நம்பு.

புத்தகத்துப் படங்களில் இருப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள். நம் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி தொண்டையில் உட்கார்ந்து நஞ்சை அனுப்பினால் வருவது ஸ்கார்லெட் காய்ச்சல். ஐந்திலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகம். காய்ச்சல், தொண்டை வலி, ஓரிரு நாளில் உடம்பெல்லாம் பொடிப்பொடியாய்த் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புறங்கையால் வயிற்றைத் தடவினால் உப்புத்தாள்போல் உரசும். நாக்கை நீட்டச் சொல். ஓசூர்ப் பக்கம் பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் மல்பெரியில் சிவப்பாய்ப் பழம் காய்க்குமே, அதுபோல் புள்ளி புள்ளியாய் எழும்பி இருக்கும். வாரம் கழித்து விரல் நுனிகளில் தோல் உரியும். தடிப்பெல்லாம் போய்விட்டது, இனி என்ன என்று எல்லோரும் நினைக்கும் நேரம் அது.

டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால் பத்து நாளும் கொடுக்கச் சொல். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அப்படிச் செருகிய ஒரு வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கும்போது மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்தாள். தொண்டையில் மிச்சம் விட்ட கிருமி மூட்டைத் தொட்டு, இதய வால்வையும் தொட்டுவிட்டது. இதே கிருமி சிரங்கிலும் குடியேறும். சிரங்கு ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் அது சிறுநீரகத்தின் குரல். நான் பத்தாம் நாள் மாத்திரையின் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். கொண்டுவந்த பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய். சம்பளத்தில் போயிற்று, போகட்டும்.

6. மிச்சம் பிடிக்கும் புத்தியைத் தடுப்பூசிப் பெட்டிக்குள் கொண்டுவராதே.

நாம் சிக்கனமாக வளர்ந்தவர்கள். புட்டியில் இரண்டு டோஸ் மிச்சம் இருந்தால் கை வராது. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் என்ற ஊரில், பல நாள் திறந்து திறந்து பயன்படுத்திய ஒரே புட்டியிலிருந்து 21 குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். 12 குழந்தைகள் இறந்தன. புட்டிக்குள் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. நம் திராட்சைக் கொத்துக் கிருமி உள்ளே வளர்ந்திருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் லண்டனில் ஃபிளெமிங், அதே கிருமியை வளர்த்த தட்டில்தான் பெனிசிலின் பூஞ்சையைக் கண்டார் என்பது வேறு கதை.

கரைத்த தட்டம்மை மருந்துக்கு நான்கு மணி நேரம்தான் ஆயுள். கரைத்த நேரத்தைப் புட்டியின் மேல் எழுது. நேரம் தாண்டினால் கொட்டு. புதன்கிழமை பன்னிரண்டரைக்கு ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வருவாள், "ஒரே ஒரு புள்ளதாங்க, போட்டுடுங்க" என்பாள். அந்த நேரத்தில் இளகாதே. அடுத்த வாரத் தேதியை எழுதிக் கொடுத்து, நீயே அவள் வீட்டுக்குப் போய் நினைவுபடுத்து.

7. வெள்ளை ட்யூபைப் பற்றி.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டால் ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார்கள். நஞ்சுத் தடிப்புக்கு அது உதவாது, கெடுக்கும். ட்யூபை வாங்கிப் பையில் போட்டுக்கொள். அம்மாவைத் திட்டாதே. விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் லீவு என்றால் அந்த மாச வருகைப் போனஸே போகும். அவள் ட்யூப் வாங்கியது அலட்சியத்தால் இல்லை.

8. வலிக்கு எத்தனை மொழியில் பெயர் உண்டோ அத்தனையும் கற்றுக்கொள்.

உன்னை ஓசூர்ப் பக்கம் மாற்றினாலும் மாற்றுவார்கள். அங்கே தகரக் கொட்டகை வரிசைகளில் ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் குடியிருக்கின்றன. கன்னடத்தில் நோவு, தெலுங்கில் நொப்பி; இரண்டும் நமக்குச் சொந்தக்கார வார்த்தைகள். இந்தியில் தர்த். என் கடைசி வருஷங்களில் ஒரு கல்குவாரிக் குடியிருப்பில், குழந்தையின் கன்னத்தைக் காட்டி "தர்த்?" என்று கேட்டேன். அந்தத் தாய் வாய் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் கையைக் கொண்டுபோய், தொடுவதற்கு முன் வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். தோப்பு வீட்டு ஆயா 30 வருஷத்துக்கு முன் சொன்ன அதே வாக்கியம். இந்த முறை எனக்குக் காது இருந்தது. அன்று சாயங்காலமே குழந்தை வார்டில் சேர்ந்துவிட்டது.

9. "எனக்குத் தெரியல, வாங்க போகலாம்" என்று சொல்லக் கூச்சப்படாதே.

காய்ச்சலோடு தோல் வலித்தால், சுருங்கிய காகிதம்போல் ஆனால், வாயைச் சுற்றிக் கதிர்போல் வெடித்தால், யோசிக்காதே. குழந்தை துவண்டு, கைகால் சில்லிட்டு, வாந்தியும் பேதியுமாக உடம்பு முழுக்க வெயிலில் வெந்ததுபோல் சிவந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதே. அது நஞ்சு ரத்த அழுத்தத்தையே இறக்கும் நிலை. சின்னத் தீக்காயத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் இப்படி ஆனாலும் அதேதான். வாய்க்குள்ளும் புண்ணாகி, கண்ணும் சிவந்திருந்தால், போன இரண்டு மூன்று வாரத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பு. அது மருந்தால் வரும் வேறு நோயாக இருக்கலாம். தோல் கழல்கிறதா என்று தேய்த்துப் பார்க்காதே. பெரியவர்களுக்குக் காட்டுவதற்காக நான் ஒரு முறை தேய்த்தேன்; அந்தப் பிள்ளை அதன்பின் என்னைக் கண்டாலே மறைந்துகொள்ளும்.

களிம்பு, பவுடர், மஞ்சள் எதுவும் போடாதே. துவைத்துக் காய்ந்த பழைய பருத்திப் புடவையில் வை. ஒட்டிய சட்டையை இழுக்காமல் கத்தரி. பால் குடித்தால் குடிக்கட்டும். தோல் போன உடம்பில் நீரும் சூடும் ஓட்டைப் பானையில்போல் போகும், அதனால் போர்த்து. 108 வந்தால் நீயும் ஏறு. எங்கள் காலத்தில் சேலம் போகவேண்டும். இப்போது 2022-லிருந்து கிருஷ்ணகிரியிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உரிய நேரத்தில் மருந்து ஏறினால் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். மேலடுக்கு மட்டுமே போவதால் இரண்டு வாரத்தில் புதுத்தோல் வந்துவிடும், தழும்புகூட இருக்காது. இதைத் தாயிடம் வண்டியிலேயே சொல். அவள் மனசுக்குள் அப்போது ஓடுவது கல்யாணம், மாப்பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்பதுதான். உயிரைப் பற்றிய பயத்துக்குக் கீழே இந்தப் பயமும் இருக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

அந்தத் தோப்பு வீட்டுக் குழந்தை போன வருஷம் தன் மகளுக்குக் காது குத்துப் பத்திரிகை வைக்க வந்தாள். ஆயா போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆயிற்றாம். நான் அவள் கழுத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னாங்க அப்படிப் பாக்குறீங்க?" என்றாள். வெயிலில் வந்திருக்கிறாயே, மோர் குடி என்றேன்.

என் பழைய டார்ச் இன்னும் எரிகிறது, புது செல் போட்டு வைத்திருக்கிறேன். நகவெட்டி ஒன்றும் சந்தையில் வாங்கினேன். வருகிற புதன்கிழமை உனக்கு முதல் ஊசி நாள் என்றாய். அதற்குள் ஒரு நடை வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அத்தை